மாடிப்படிக் கிராதி, மேல் நடைக் கிராதி: எல்லாவற்றுக்கும் வெள்ளை அடிக்கலாமா?

கம்மனஹள்ளி_மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு கம்மனஹள்ளியில், முப்பதுக்கு நாற்பது சைட்டில், 1998-ல் மாமனார் கட்டியது. கீழிருந்து மேலே பதினேழு படி, நடுவில் ஒரு திருப்பம். மேலே ஏறியதும் ஹாலை எட்டிப் பார்க்கிற மாதிரி ஒன்பது அடி நடை. படிக்கும் நடைக்கும் சேர்த்து இரும்புச் சதுரக் கம்பியில் கிராதி, அதன் மேல் தேக்குக் கைப்பிடி. கம்பிக்கு இதுவரை மூன்று தடவை பிரௌன் எனாமல் அடித்திருக்கிறார்கள், ஒன்றின் மேல் ஒன்றாக.

இப்போதைய நிலைமை இதுதான். ஒவ்வொரு கம்பியும் கிரானைட்டில் இறங்குகிற இடத்தில் விரல் அகலத்துக்குத் துரு. நகத்தால் தட்டினால் பெயிண்ட் முட்டை ஓடு மாதிரி கழன்று வருகிறது. கல்லில் டீ கிளாஸ் வைத்த மாதிரி பழுப்பு வட்டம். திருப்பத்தில், எல்லோரும் பிடித்துத் திரும்பும் இடத்தில், கைப்பிடி கறுத்துப் பிசுபிசுக்கிறது. சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்தாலும் மறுவாரம் அதே கதை.

கம்பி, கைப்பிடி எல்லாமே வெள்ளையாக இருந்தால் வீடு வெளிச்சமாகத் தெரியும் என்று எனக்கு ஆசை. நடையில் ஜன்னல் கிடையாது, பகலிலும் லைட் போட வேண்டும். இரண்டு பெயிண்டர்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் "ஒரே நாள் வேலை, சுரண்டிவிட்டு ஒரு கோட்டு" என்றார். இன்னொருவர் ஒரு வாரம் கேட்டார். யார் சொல்வது சரி? போகிக்குள் முடிக்க வேண்டும். வீட்டில் அத்தைக்கு 74 வயது, ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் ஆகிவிட்டது, இன்னொரு கண் பாக்கி. பையனுக்கு 4 வயது.

தர்மபுரி_பெயிண்டர்

அக்கா, ஒரு வாரம் கேட்டவர் வேலை தெரிந்தவர். நான் இருபது வருஷமாக பெங்களூரில் பெயிண்ட் வேலை எடுக்கிறேன். கிராதி வேலையில் பெயிண்ட் அடிப்பது கால் பங்குதான். முக்கால் பங்கு அதற்கு முன்னால் செய்வது.

முதல் நாள் கழுவுவது. கைப்பிடியிலும் கம்பியின் மேல் பாதியிலும் கை எண்ணெய், தலை எண்ணெய், சமையல் புகை எல்லாம் படிந்திருக்கும். அதைக் கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அந்த எண்ணெயையே தேய்த்து உள்ளே ஏற்றுகிறோம். வெந்நீரில் வாஷிங் சோடா கரைத்துக் கம்பியைத் துடைத்து, இன்னொரு துணியால் நல்ல தண்ணீரில் துடைத்து, காய விட வேண்டும். இந்த வேலை கம்பிக்கு மட்டும். தேக்கில் சோடா படக் கூடாது, மரம் கறுத்துவிடும்.

அப்புறம் துரு. ஒயர் பிரஷ், சுரண்டி, 80 நம்பர் உப்புத்தாள் (நம்பர் கூடக் கூட தாள் நைசாகும்). தளர்ந்ததெல்லாம் போக வேண்டும். கெட்டியாகப் பிடித்திருக்கிற பழைய பெயிண்டை முழுக்க எடுக்கத் தேவையில்லை. அதன் பளபளப்பு மட்டும் போகிற மாதிரி 180 போட்டால் போதும். பழைய பெயிண்டும் வெற்று இரும்பும் சேருகிற இடத்தில் ஒரு மேடு நிற்கும். அதைத் தேய்த்துச் சரிவாக்காவிட்டால் எத்தனை கோட்டு அடித்தாலும் தழும்பு தெரியும்.

வெற்று இரும்பு தெரிந்த அன்றே பிரைமர். ராத்திரி அப்படியே விட்டுவிட்டுக் காலையில் வந்தால் மெல்லிசாகப் புதுத் துரு பூத்திருக்கும். பிரைமர் மறுநாள் காய்ந்ததும் வெல்டிங் பள்ளங்களுக்கு மெட்டல் பட்டி பார்த்து, தேய்த்து, பட்டி தெரிகிற இடத்துக்கு மறுபடி பிரைமர் தொட்டு, அப்புறம் எனாமல் இரண்டு கோட்டு. கோட்டுக்குக் கோட்டு ஒரு ராத்திரி. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு வாரம் வந்துவிடும்.

தங்கவயல்_ஃபிட்டர்

அம்மா, 2001-ல் சுரங்கம் மூடுகிற வரை தங்கவயலில் ஃபிட்டராக இருந்தவன் நான். பெயிண்டர் தம்பி சொன்னது சரி. ஆனால் துரு ஏன் அடியில் மட்டும் பிடிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. மேலே துரு இல்லை, அடியில் மட்டும் இருக்கிறது என்றால் தண்ணீர் அங்கே நிற்கிறது. தினமும் படியை ஈரத் துணி போட்டுத் துடைக்கிறீர்கள் இல்லையா? கம்பிக்கும் கல்லுக்கும் நடுவில் முடி அளவுக்கு ஒரு இடுக்கு இருக்கும். துடைத்த தண்ணீர் அதில் இறங்கி, வெளியே வராமல், உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அந்த இடுக்கை அடைக்காமல் மேலே எவ்வளவு நல்ல பெயிண்ட் போட்டாலும் இரண்டு மழைக்காலத்தில் பழையபடி ஆகிவிடும்.

ஒவ்வொரு கம்பியையும் அடியில் ஒரு ஸ்பேனரால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு இருக்கிறது. மொத்தென்று கேட்டாலோ, சொத்துசொத்தென்று உதிர்ந்தாலோ அந்தக் கம்பிக்கு வெல்டர்தான் வேண்டும், பெயிண்டர் இல்லை. கிராதியைப் பிடித்து ஆட்டியும் பாருங்கள். வயதானவர் உடல் பாரத்தைப் போடுகிற இடம் அது.

இன்னொன்று. கம்பி வெறும் இரும்பா, ஜி.ஐ.யா, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பா என்று தெரிந்துகொள்ளுங்கள். காந்தம் இரண்டிலும் ஒட்டும், அதை நம்ப முடியாது. சுரண்டிய இடத்தில் வெளிர் சாம்பலாக, பூப்பூவாகத் தெரிந்தால் அது துத்தநாகம். அதன் மேல் நேரடியாக எண்ணெய் எனாமல் நிற்காது. எண்ணெயும் துத்தநாகமும் சேர்ந்து நடுவில் சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகி, பெயிண்ட் தோல் தோலாக உரியும். அதற்கென்று தனி பிரைமர் இருக்கிறது, கடையில் ஜி.ஐ. பிரைமர் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

கம்மனஹள்ளி_மருமகள்

ஐயா, தட்டிப் பார்த்தேன். முப்பத்தெட்டு கம்பியில் முப்பத்தாறு கணீர். கீழிருந்து இரண்டாவது, மூன்றாவது படியில் இரண்டு கம்பி மொத்தென்கிறது. ஒன்றில் ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளேயே போய்விட்டது. அத்தை தினமும் இறங்கும்போது பிடிக்கிற இடம் அதுதான். பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. வெல்டருக்குச் சொல்லியாகிவிட்டது. பூ மாதிரி எதுவும் தெரியவில்லை, வெறும் இரும்புதான்.

ஈரத் துணி விஷயம் உண்மை. தினமும் இரண்டு வேளை.

வேதியியல்_டீச்சர்

நான் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். வீட்டில் 4 வயதுக் குழந்தை இருப்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். தயவுசெய்து வேலை தொடங்கும் முன் படியுங்கள்.

1998-ல் அடித்த எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறமிகளுக்காகவும், சீக்கிரம் காய்வதற்காகவும் எனாமலில் ஈயச் சேர்மங்களைக் கலப்பது அப்போது சாதாரணம். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது, அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்கு, என்று மத்திய அரசு 2016-ல் விதி போட்டது. அது 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்தது எதுவானாலும் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

கம்பியோடு ஒட்டி இருக்கிற வரைக்கும் ஆபத்து குறைவு. உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கும்போதுதான் மாவாகப் பறக்கும். அந்த மாவு படியில் விழும், குழந்தை படியில் உட்கார்ந்து விளையாடும், கையை வாயில் வைக்கும். சின்னக் குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே அதற்கு இல்லை.

அதனால் வாட்டர் பேப்பர் வாங்கித் தண்ணீர் தொட்டு ஈரமாகவே தேய்க்கச் சொல்லுங்கள். கீழே பிளாஸ்டிக் ஷீட் விரித்து, முடிந்ததும் அப்படியே மடித்து எடுத்துவிடுங்கள். துடைப்பத்தால் கூட்டக் கூடாது, தூசு மறுபடி எழும்பும். ஈரத் துணியால் இரண்டு தடவை துடைத்து, துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். தேய்க்கிற நாட்களில் பையன் வேறு வீட்டில் இருப்பது நல்லது. முகத்தில் வெறும் துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்வது போதாது, நல்ல மாஸ்க் வேண்டும். புளோ லேம்ப் வைத்துப் பழைய பெயிண்டைச் சுடுகிற வேலையே வேண்டாம், சூட்டில் ஈயம் புகையாகக் கிளம்பும். பெயிண்ட் ரிமூவர் சிலவற்றில் மெத்திலீன் குளோரைடு இருக்கும், அதன் ஆவி நச்சு. ஜன்னல் இல்லாத நடையில் அதைத் திறக்கவே கூடாது.

துரு மாற்றி என்று கடையில் விற்கிற திரவம் பற்றியும் யாராவது சொல்வார்கள். அதில் டானிக் அமிலம் இருக்கும், அல்லது பாஸ்பாரிக் அமிலம். டானிக் அமிலம் துருவைக் கறுப்பாக, கெட்டியான ஒரு படலமாக மாற்றும். கடுக்காய்த் தண்ணீரில் இரும்பாணியைப் போட்டால் மை மாதிரி கறுக்குமே, அதே வினைதான். கம்பி அடியில் சுரண்டி எட்டாத இடுக்குக்கு அது உதவும். ஆனால் உதிர்கிற துருவின் மேல் பூசிப் பயனில்லை. அமிலம் இருப்பதால் மார்பிள் படியிலோ கடப்பாக் கல்லிலோ சொட்டினால் கல் அரித்துவிடும், உங்கள் கிரானைட் பரவாயில்லை.

தர்மபுரி_பெயிண்டர்

டீச்சர், இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். இருபது வருஷமாக நாங்கள் உலர்வாகத்தான் தேய்க்கிறோம். சாயங்காலம் அந்தத் தூசியோடுதான் வீட்டுக்குப் போகிறோம், குழந்தையைத் தூக்குகிறோம். என்னோடு வேலை செய்கிற பசங்க நாலு பேருக்கும் நாளைக்கே மாஸ்க் வாங்குகிறேன். வேலைச் சட்டையை இனி சைட்டிலேயே மாற்றிக்கொண்டு கிளம்பச் சொல்கிறேன்.

ஈரத்தில் தேய்த்தால் வெற்று இரும்பு உடனே துரு பிடிக்குமே என்று ஒரு சந்தேகம். தேய்த்த கையோடு உலர்ந்த துணியால் துடைத்து, டர்பன்டைன் தொட்ட துணியால் இன்னொரு தடவை துடைத்துவிட்டால் நிற்குமா?

வேதியியல்_டீச்சர்

நிற்கும் தம்பி. நாலைந்து கம்பியாக எடுத்து, தேய்த்து, துடைத்து, மதியத்துக்குள் பிரைமர் போட்டுவிட்டு அடுத்த நாலைந்துக்குப் போங்கள். மொத்தக் கிராதியையும் ஒரே நாளில் உரித்துப் போடாதீர்கள்.

தங்கவயல்_ஃபிட்டர்

பிரைமர் பற்றி ஒரு சின்ன விஷயம், எல்லோருக்கும் பயன்படும். ரெட் ஆக்சைடு பிரைமர் வேறு, ரெட் லெட் வேறு. பார்க்க இரண்டும் சிவப்பு. ரெட் ஆக்சைடு இரும்பின் ஆக்சைடு, துருவின் நிறமே அதுதான். ரெட் லெட் ஈயத்தின் ஆக்சைடு. அந்தக் காலத்தில் கனரக இரும்புக்கு ரெட் லெட் அடிப்போம். பழைய வீட்டில் அடியில் பளீர் ஆரஞ்சுச் சிவப்பில் பிரைமர் தெரிந்தால் டீச்சர் சொன்ன ஜாக்கிரதை இரண்டு மடங்கு வேண்டும்.

அல்சூர்_ஏரிக்கரை

நான் பெயிண்ட் ஆள் இல்லை. ஆனால் முதல் கேள்விக்கு, வெள்ளை அடிக்கலாமா என்பதற்கு, யாரும் பதில் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கும் புரை இருந்தது. எங்கள் வீட்டுச் சுவர் வெள்ளை. நாங்களும் ஆசையாகக் கைப்பிடிக்கு வெள்ளை அடித்தோம். ஒரு நாள் சாயங்காலம், லைட் போடுவதற்கு முன்னால், அம்மா இறங்கினாள். கடைசி இரண்டு படி இருக்கும்போது கைப்பிடி எங்கே திரும்புகிறது என்று தெரியாமல் சுவரைப் பிடிக்கப் போய்விட்டாள். இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கை. பிறகு கண் டாக்டர்தான் விளக்கினார். புரை உள்ள கண்ணுக்கு வெளிர், கருமை வேறுபாடு சரியாகப் பிரிந்து தெரியாது. வெளிர் சுவர் முன்னால் வெளிர் கைப்பிடி இருந்தால் அந்தக் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. இருட்டில் இருக்கிற நமக்கு எப்படியோ, அப்படித்தான் அவர்களுக்குப் பகலிலும்.

உங்கள் அத்தைக்காகக் கேட்கிறேன். கம்பிக்கு என்ன நிறம் வேண்டுமானாலும் அடியுங்கள். கைப்பிடி மட்டும் சுவரிலிருந்து பிரிந்து தெரிகிற மாதிரி கருத்த நிறமாக இருக்கட்டும். ரொம்பப் பளபளப்பும் வேண்டாம், எல்.இ.டி. லைட் அதில் பட்டு கண்ணைக் கூசும். முடிந்தால் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் ஒரு கருத்த பட்டை.

கம்மனஹள்ளி_மருமகள்

அண்ணா, உங்கள் அம்மா விஷயத்தைப் படித்துவிட்டு அத்தையைக் கூப்பிட்டு, படிக்குக் கீழே நிற்க வைத்து, "கைப்பிடி எந்த இடம் வரைக்கும் தெரிகிறது?" என்று கேட்டேன். இப்போது பிரௌனாக இருப்பதால் முழுக்கத் தெரிகிறது என்றார். அப்புறம் ஒரு வெள்ளைத் துண்டைக் கைப்பிடி மேல் ஒரு முழத்துக்குப் போட்டுவிட்டு மறுபடி கேட்டேன். "நடுவுல ஏதோ விட்டுப்போச்சே" என்றார். எனக்கு அப்படியே கை நடுங்கிவிட்டது.

கைப்பிடிக்கு வெள்ளை கிடையாது, முடிவு செய்துவிட்டேன். கம்பிக்கு மட்டும் வெள்ளை.

விவேக்நகர்_தச்சன்

நல்ல வேளை. தேக்குக்கு எனாமல் அடிக்கப் போகிறார்கள் என்று படித்து மனசு கேட்காமல் உட்கார்ந்திருந்தேன். 1998 தேக்கு அக்கா, இப்போது அந்த மாதிரி வைரம் பாய்ந்த கட்டை கிடைப்பது கஷ்டம்.

கைப்பிடியில் இப்போது என்ன பூச்சு இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். யார் கண்ணிலும் படாத அடிப்பக்கத்தில் ஒரு பஞ்சால் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். ஒரு நிமிஷத்தில் பிசுபிசுத்தால் அது அரக்கு, அதாவது பிரெஞ்சு பாலிஷ். அதற்கு அசையாமல், என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னருக்கு மட்டும் கரைந்தால் லாக்கர். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் மெலமைன் அல்லது பி.யு. (பாலியூரிதேன்). திருப்பத்தில் பிசுபிசுப்பு என்று சொல்வதைப் பார்த்தால் அரக்காகத்தான் இருக்கும். வியர்வையும் கை எண்ணெயும் அரக்கை இளக்கும்.

அரக்கு என்றால் ஸ்பிரிட்டும் இரும்பு நாரும் வைத்தே பழசை எடுத்துவிடலாம். அப்புறம் மர நார் போகிற திசையில் 120, 180, 240. குறுக்கே தேய்த்தால் கோடு விழும், பாலிஷ் போட்டதும் அது பளிச்சென்று தெரியும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு, பூச்சு போடுவதற்குச் சற்று முன் தின்னரால் ஒரு தடவை துடையுங்கள். வால்நட் ஸ்டெயின், அதன் மேல் மேட் பி.யு. மூன்று கோட்டு. கருப்பாகவும் தெரியும், கூசவும் கூசாது.

தர்மபுரி_பெயிண்டர்

தச்சர் அண்ணன் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். கம்பி வெள்ளை விஷயத்தில் ஒன்று இருக்கிறது. எண்ணெய் எனாமல் வெள்ளை, வெயில் படாத இடத்தில் மஞ்சளாகிவிடும். அக்கா வீட்டு நடையில் ஜன்னலே இல்லை. ஒரு வருஷத்தில் படியில் இருக்கிற கம்பி வெள்ளையாகவும் நடையில் இருக்கிற கம்பி மோர் நிறமாகவும் நிற்கும். தண்ணீரில் கரைக்கிற எனாமல் மஞ்சளாகாது, வாசனையும் குறைவு. கம்பிக்கு அதையே போடுங்கள். பிரைமர் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், பழைய எனாமல் பளபளப்பு முழுக்கப் போயிருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. கை பிடிக்கிற இடமாக இருந்தால் சாதாரணத் தண்ணீர் பெயிண்டை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், வியர்வையில் இளகும். கம்பியை யாரும் பிடித்துத் தொங்கப் போவதில்லை.

அடிக்கிற வரிசை: மேல் நடையில் தொடங்கிக் கீழே இறங்கி வாருங்கள். சதுரக் கம்பிக்கு ஒரு இஞ்ச் பிரஷ், பட்டை முகத்துக்கு நாலு இஞ்ச் ரோலர். ஐந்து கம்பி முடித்ததும் திரும்பிப் போய் முதல் கம்பியைப் பாருங்கள். மூலையில் கண்ணீர் மாதிரி இறங்கியிருக்கும், ஈரமாக இருக்கும்போதே பிரஷ் நுனியால் எடுத்துவிட வேண்டும். காய்ந்த பிறகு தேய்க்கத்தான் வேண்டும். கீழ்ப்படியில் உட்கார்ந்து அண்ணாந்தும் பாருங்கள், ஏறுகிறவர் கண்ணில் கம்பியின் அடிப்பக்கம்தான் படும். கைப்பிடி கடைசி. அது காயும் வரை எல்லோரும் கீழேயே படுத்துக்கொள்ளுங்கள்.

டர்பன்டைன், தின்னர் திறந்திருக்கும்போது பூஜை அறை விளக்கையும் ஊதுபத்தியையும் மறக்காமல் பாருங்கள். எங்கள் ஆள் ஒருவருக்கு முன்கை முழுக்கச் சுட்டது அப்படித்தான்.

கம்மனஹள்ளி_மருமகள்

வேலை முடிந்தது, இன்றைக்கு ஒன்பதாவது நாள். வெல்டர் இரண்டு கம்பியையும் வெட்டி மாற்றினார். வெட்டி எடுத்த துண்டைக் கையில் வைத்துப் பார்த்தேன். வெளியே பெயிண்ட் முழுசாக இருக்கிறது, உள்ளே இரும்பு பிஸ்கெட் மாதிரி அடுக்கடுக்காக உதிர்கிறது. அந்தப் பெயிண்டை நம்பித்தான் இத்தனை நாள் அத்தை இறங்கியிருக்கிறார்.

பையன் நாலு நாள் என் அம்மா வீட்டில் இருந்தான். பெயிண்டர் ஈரமாகவே தேய்த்தார், முதலில் முணுமுணுத்தார், அப்புறம் தூசியே இல்லை என்று அவருக்கே பிடித்துப்போய்விட்டது. நடுவில் ஒரு தப்பு. இரண்டாம் கோட்டு அன்று மழை, நான் ஜன்னல்களை மூடிவிட்டேன். கீழ் எட்டுக் கம்பியில் மினுமினுப்பு வராமல் மங்கிவிட்டது. அதை மட்டும் 320-ல் லேசாகத் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டியதாகிவிட்டது. மழை நாளில் அடிக்காதீர்கள்.

கைப்பிடி அரக்குதான். ஸ்பிரிட் போட்டுத் தேய்த்ததும் உள்ளே இருந்த தேக்கைப் பார்த்து மாமனார் வந்து தடவிக்கொண்டே நின்றார். கருத்த வால்நட் போட்டிருக்கிறோம். துண்டு போட்ட அதே இடத்தில் அத்தையை நிறுத்திக் கேட்டேன். "திருப்பம் வரைக்கும் தெரியுது, அதுக்கு மேலயும் தெரியுது" என்றார்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. கம்பி அடி இடுக்கை சிலிகான் வைத்து அடைக்கலாமா? எப்போதிருந்து படியைத் துடைக்கலாம்?

தங்கவயல்_ஃபிட்டர்

பெயிண்ட் அடித்து முடித்த பிறகு என்பதால் சிலிகான் வைக்கலாம் அம்மா. முதலிலேயே வைத்திருந்தால் அதன் மேல் பெயிண்ட் ஒட்டியிருக்காது. ஒரு வாரம் கழித்து, இடுக்கை உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிசாக ஒரு கோடு இழுத்து, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் தடவிவிடுங்கள். தண்ணீர் கம்பியிலிருந்து வெளிப்பக்கம் ஓடுகிற மாதிரி சரிவு இருக்கட்டும்.

தர்மபுரி_பெயிண்டர்

துடைப்பது பத்து நாள் கழித்து அக்கா. அதுவரை உலர்ந்த துணிதான். அதற்குப் பிறகும் மாப்பை நன்றாகப் பிழிந்துவிட்டுத் துடைக்கச் சொல்லுங்கள், கம்பி அடியில் கடைசியாக ஒரு உலர்ந்த துணி. மிச்சம் இருக்கிற வெள்ளையைச் சின்ன டப்பாவில் ஊற்றி, மூடியில் தேதியும் ஷேடு நம்பரும் எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் எங்காவது கீறல் விழுந்தால் அன்றைக்கே தொட்டுவிடலாம்.